38ஆ, 51ஆ? தரங்கம்பாடிக்குக் கிழக்கே ஒரு முழுக்கும் இரண்டு கணக்கும்

மாசி மாதக் கடைசி ஞாயிறு. மாலை ஆறரை மணிக்கு மயிலாடுதுறையை ஒட்டிய ஒரு கிராமத்தில் நாதஸ்வரக்காரர் ஒருவர் சாதகத்துக்கு உட்கார்ந்தார். சீவாளியை நனைத்துப் பொருத்தி ஊதினால் சத்தம் வருகிறது, சுரம் நிற்கவில்லை. எங்கோ காற்று கசிகிறது. துளைகளைப் பார்த்தார், சீவாளியை மாற்றினார், மறுபடி ஊதினார். நாயனத்தில் கோளாறு இல்லை. இடது கை மோதிர விரல் துளையின் மேல் படிந்திருந்தது, ஆனால் படிந்திருப்பது அவருக்கே தெரியவில்லை. விரல் மரத்துப் போயிருந்தது.

மத்தியானத்திலிருந்தே அந்தத் தோளில் ஒரு குடைச்சல். காலையில் சிலிண்டர் தூக்கியதால் வந்த வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்திருக்கிறார். விரலும் சேர்ந்ததும் பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். அன்று காலை அவரைக் கடலுக்கடியில் அழைத்துப்போனவன் நான். அதனால் இதை வெளியிலிருந்து பார்த்தவனாக எழுத முடியாது. தப்பு நடந்த இடத்தில் நானும் இருந்தேன், ஒரு தப்பு முழுக்க என்னுடையது. சம்பந்தப்பட்ட இருவரும் எழுதச் சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம்: ஒருவர் நாதஸ்வரக்காரர், இன்னொருவர் டீச்சர்.

அன்றைய காலை

டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவர், வயது நாற்பத்து மூன்று. நாதஸ்வரக்காரருக்கு இருபத்தெட்டு. இருவரும் முந்தைய ஆண்டு வேறு ஊரில் ஆரம்பநிலை முழுக்குப் பயிற்சி முடித்தவர்கள். அதற்குப் பிறகு ஆளுக்கு ஐந்தாறு முழுக்குதான். இரண்டு பேரும் படித்தது, கையில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டரை வைத்து நடத்தும் பாடம். டேபிள் என்ற ஒன்று, அதாவது எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று அட்டையில் அச்சடித்த அட்டவணை, இருப்பதை ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். டீச்சர் மட்டும் பழைய அட்டை ஒன்றை எங்கிருந்தோ வாங்கித் தானே படித்திருந்தார். கணக்கு டீச்சருக்கு அட்டவணையைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா?

இந்தக் கடலுக்கு முழுகிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது பூம்புகாரைத்தான். கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990களின் தொடக்கத்தில் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவ அமைப்பு ஒன்றைப் பார்த்தார்களே, அங்கே கூட்டிப்போவீர்களா என்பார்கள். நான் போவதில்லை. ஆய்வுக்குரிய இடத்தில் துடுப்புக் காலோடு வண்டலைக் கிளப்ப எனக்கு மனம் வராது. நாங்கள் போனது தரங்கம்பாடிக்குக் கிழக்கே ஒரு பார், கடலடிப் பாறைத் திட்டு. மீன்பிடிக்கிற அண்ணன்மார் தலைமுறையாய்த் தூண்டில் போடும் இடம். படகுக்கார அண்ணன் ஆழத்தை மீட்டரில் சொல்லமாட்டார். "உச்சி பத்துப் பாகம், கிழக்கால பன்னண்டு பாகம்" என்பார். ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். அவர் சொன்ன பத்து 18 மீட்டர், பன்னிரண்டு 22 மீட்டர். கருவி காட்டியதும் அதுவேதான்.

வாடகைக்கு எடுத்த மூன்று டைவ் கம்ப்யூட்டர்கள். மூன்றும் ஒரே மாடல், ஒரே கறுப்பு வார், எதிலும் பெயரோ எண்ணோ ஒட்டவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முழுக்கு காலை 7:05. டீச்சருக்குக் காது அடைத்துக்கொண்டது. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி 9 மீட்டர் வரை வந்தார், அழுத்தம் சமனாகவில்லை, 12 நிமிடத்தில் என் உதவியாளருடன் மேலே போய்விட்டார். நானும் நாதஸ்வரக்காரரும் பாரின் கிழக்குச் சரிவில் இறங்கினோம். அதிகபட்ச ஆழம் 21.8 மீட்டர். 7:35க்கு ஏறத் தொடங்கி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, 7:41க்குத் தலை வெளியே வந்தது.

படகில் ஏறியதும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தோம். கையிலிருந்ததையெல்லாம் கழற்றி நல்ல தண்ணீர் வாளியில் போட்டோம். இட்லிப் பொட்டலம், வெயில், அரட்டை. டீச்சர் இரண்டாம் முழுக்கு வேண்டாம், காது சரியில்லை என்றார். ஆனால் சிலேட்டை எடுத்து எல்லாருக்கும் கணக்குப் போட்டார். 8:40க்கு நாதஸ்வரக்காரர் வாளியிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக் கட்டிக்கொண்டு, திட்டமிடும் பக்கத்தைத் திறந்து, 18 மீட்டரில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று பார்த்தார்.

"51 நிமிஷம் காட்டுதுண்ணே."

டீச்சர் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "தம்பிக்கு 38தான் சார் வருது. ரெண்டு தடவை போட்டுட்டேன்."

நான் சிரித்தேன். "டீச்சர், அது பழைய காலத்து அட்டை. அதுல இருக்கிறது முரட்டுக் கணக்கு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு செகண்டும் பாக்குது."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் இந்த விவகாரத்தின் வில்லங்கமே.

8:43க்கு இறங்கினோம். பாரின் உச்சியில், 18 மீட்டரில், 44 நிமிடம். 9:27க்கு ஏறத் தொடங்கியபோது அவர் கையில் இன்னும் ஏழு நிமிடம் மிச்சம் காட்டியது. 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம் ஒழுங்காகச் செய்தோம். வேகமாக ஏறவில்லை. கரை வந்ததும் அவர் காப்பி குடித்துவிட்டு வண்டியேறினார்.

இங்கே ஒரு கேள்வி வரும். ஆரம்பநிலை ஆளுக்கு 18 மீட்டரில் 44 நிமிடத்துக்குக் காற்று எப்படிப் போதும்? நியாயமான கேள்வி. பெரும்பாலான புது ஆட்களைக் காப்பாற்றுவது கம்ப்யூட்டரும் இல்லை, டேபிளும் இல்லை, அவர்களுடைய பெருமூச்சுதான். ஆழத்தில் இருக்க இருக்க உடம்பில் நைட்ரஜன் சேரும், அதிகம் சேர்ந்தபின் மேலே வந்தால் குமிழியாகும். அந்த வரம்பை நெருங்குவதற்கு முன்பே சிலிண்டர் காலியாகி மேலே வந்துவிடுவார்கள். இவர் ஏழு வயதிலிருந்து மூச்சை மிச்சம் பிடித்துப் பழகியவர். அரை மணி நேர ஆலாபனைக்குக் காற்றைப் பங்கிட்டுக் கொடுக்கிறவருக்கு 11 லிட்டர் சிலிண்டர் பெரிய சொத்து. மேலே வரும்போது சிலிண்டரில் கிட்டத்தட்ட 50 பார் அழுத்தம் இருந்தது. அந்தத் திறமையே அவரைக் கணக்கின் விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

தொலைபேசியில்

மாலை போன் வந்ததும் நான் முழுக்கு மருத்துவம் தெரிந்த சென்னை டாக்டர் ஒருவரைப் பிடித்தேன். அவர் விரலைப் பற்றி நிறையக் கேட்டார். பிறகு, "கம்ப்யூட்டரை எடுங்க, லாக் படிங்க" என்றார். நாதஸ்வரக்காரர் கடைசியாகக் கட்டியிருந்த கருவியைத் தனியாக வைத்திருந்தேன். படித்தேன்.

"முதல் முழுக்கு, அதிகபட்சம் 9.1 மீட்டர், 12 நிமிடம். இரண்டாவது..."

"இருங்க. 22 மீட்டர் போனதா சொன்னீங்களே?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கை நடுங்கியபடி மற்ற கருவியை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரே முழுக்கு: 21.8 மீட்டர், 7:05. அதற்குப் பிறகு வாளியில் கிடந்த நேரம். நாதஸ்வரக்காரர் இரண்டாம் முழுக்குக்குக் கட்டியது டீச்சரின் கருவி. அது அறிந்திருந்த உடம்பு, காது அடைத்துப் பாதியிலேயே மேலே வந்த நாற்பத்து மூன்று வயது டீச்சருடையது. 22 மீட்டர் போய் வந்த உடம்பைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரத்துப்போவது நரம்பு சம்பந்தப்பட்டது, வெறும் மூட்டு வலியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடனே நூறு சதவீத ஆக்ஸிஜன். தண்ணீர் கொடுங்கள். இனி ஊதக் கூடாது. கடைசியாகச் சொன்னது எனக்குப் புதிது. மூக்கை அடைத்து முக்குவது, பளு தூக்குவது, நாயனம் ஊதுவது எல்லாமே மார்புக்குள் அழுத்தத்தை ஏற்றும். நான்கு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே, கருவிலிருந்தபோது இருந்த வழி முழுதாக மூடாமலே இருக்கும். அழுத்தம் ஏறினால் நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய நைட்ரஜன் குமிழிகள் அந்த வழியாக மறுபக்க ரத்தத்துக்குத் தாவக்கூடும்.

அவருடைய அண்ணன், "திருச்சி போயி பிளைட் புடிச்சா ஒரு மணி நேரந்தானே?" என்றார். டாக்டர் ஒரே வார்த்தையில் மறுத்தார். விமானக் கூண்டுக்குள் காற்றழுத்தம் 2,400 மீட்டர் உயர மலை அளவுக்குக் குறையலாம். உடம்பில் குமிழி இருப்பவரை மேலே ஏற்றுவது சோடா பாட்டிலைத் திறப்பது போல. வலி ஏதும் இல்லாதவர்கள்கூட ஒரு முழுக்குக்குப் பிறகு 12 மணி நேரமும், அடுத்தடுத்து முழுகினால் 18 மணி நேரமும் பறக்காமல் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. கொடைக்கானல் போகிற வேன் பயணத்துக்கும் இதே புத்தி பொருந்தும். நல்லவேளை, நம்மூரிலிருந்து சென்னை வரை கடலோரச் சாலை தட்டையானது.

என்னிடமிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரோடு தரங்கம்பாடியிலிருந்து கிளம்பினேன். அது தீர்வதற்குள் மருத்துவமனை ஆக்ஸிஜன், பிறகு ஆம்புலன்ஸ், 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம். விடிவதற்குள் உயரழுத்த அறைக்குள் போய்விட்டார். உலகமெங்கும் வழக்கத்தில் உள்ள அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் சிகிச்சை அட்டவணைதான். 18 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில் ஆக்ஸிஜன், இருபது நிமிடத்துக்கொரு முறை ஐந்து நிமிடம் சாதாரணக் காற்று, பிறகு 9 மீட்டர் அழுத்தத்துக்குக் குறைத்து நீண்ட நேரம், மொத்தம் 4 மணி 45 நிமிடம். உள்ளே இருக்கும்போதே விரலில் உணர்வு திரும்பிவிட்டது என்றார். தோள் வலி இரண்டு நாள் இருந்தது.

அதையும் டேபிள் என்றுதான் சொல்கிறார்கள். ஆம்புலன்ஸில் அதை யோசித்துக்கொண்டே போனேன்.

சிலேட்டில் இருந்தது

டீச்சர் போட்ட கணக்கை இங்கே அப்படியே தருகிறேன். அவர் கையில் இருந்தது முழுக்குப் பயிற்சி நடத்தும் பி.ஏ.டி.ஐ. அமைப்பு 1988இல் கொண்டுவந்த பொழுதுபோக்கு முழுக்கு அட்டவணையின் மீட்டர் வடிவம்.

அந்த அட்டையில் 22 மீட்டருக்கு வரம்பு 37 நிமிடம். அதற்குள் ஏறிவிட்டால் வழியில் கட்டாய நிறுத்தம் தேவையில்லை. 30 நிமிடம் இருந்தவருக்கு 'ஓ' என்ற எழுத்து. அது உடம்பில் மிஞ்சிய நைட்ரஜனுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். மேலே 62 நிமிடம் இருந்தால் 'ஓ' இறங்கி 'ஈ' ஆகும். இரண்டாம் முழுக்கில் 18 மீட்டருக்குப் போகும் 'ஈ' ஆளை, ஏற்கெனவே அங்கே 18 நிமிடம் இருந்துவிட்டவராக அட்டவணை நினைத்துக்கொள்ளும். 18 மீட்டருக்கு மொத்த வரம்பு 56. அதில் 18 போனால் 38.

டீச்சர் தனக்கும் போட்டிருந்தார், போகாத முழுக்குக்கு. 9 மீட்டரை 10 என்று எடுத்துக்கொண்டு 12 நிமிடம், எழுத்து 'பி'. ஒரு மணி நேரத்தில் 'ஏ'. 18 மீட்டரில் அதற்கு 6 நிமிடம் கழிவு. 56இல் 6 போனால் 50.

கம்ப்யூட்டர் காட்டியது 51.

சிலேட்டில் இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தம்பி 38, நான் 50. தம்பியின் கையில் 51. அது யாருடைய கருவி என்று அந்த எண்ணே சொல்லிக்கொண்டிருந்தது. நான் வித்தியாசத்தைப் பார்த்தேன், 13 நிமிடம். அட்டைக்கும் கருவிக்கும் எப்போதும் உள்ள வித்தியாசம் என்று தள்ளிவிட்டேன். எந்தப் பக்கம் வித்தியாசப்படுகிறது, ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிட வேலை.

அட்டவணை பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்

அட்டவணையின் குறைகளை இதே முழுக்கிலேயே காட்ட முடியும். 21.8 மீட்டரில் நாங்கள் இருந்தது ஒன்பது நிமிடம். மீதி நேரமெல்லாம் 15, 17 மீட்டரில் சரிவில் மேலேறிக்கொண்டிருந்தோம். அட்டவணைக்கு அதெல்லாம் தெரியாது. முப்பது நிமிடமும் அடியிலேயே கிடந்ததாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று: நண்டு ஒன்றைப் பார்க்க இன்னும் அரை மீட்டர் இறங்கியிருந்தால் 25 மீட்டர் வரிசைக்குத் தாவியிருக்க வேண்டும். அதன் வரம்பு 29. முதல் முழுக்கே வரம்பு மீறியதாக ஆகி, டீச்சர் எங்களை அன்று தண்ணீருக்குள் விட்டிருக்கவே மாட்டார். வரிசை மாறிப் படித்தால் கணக்கே போச்சு. அதைப் படிக்க வாட்ச், ஆழமானி, கூர்ந்த கண் எல்லாம் வேண்டும். காவிரி வண்டல் கலங்கிய தண்ணீரில் அதுவும் லேசில்லை.

டைவ் கம்ப்யூட்டர் இதையெல்லாம் தீர்த்தது. 1983இல் கடைக்கு வந்த முதல் தலைமுறைக் கருவிகளிலிருந்து இன்றுவரை அடிப்படை ஒன்றுதான். சில நொடிக்கொரு முறை ஆழத்தை அளந்து, உடம்பைப் பல அறைகளாகப் பாவித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நைட்ரஜன் என்று எழுதிக்கொண்டே போவது. வேகமாக ஏறினால் கத்தும். இரவு முழுக்கில் அட்டையைத் தேட வேண்டாம். ஆரம்பநிலை ஆளிடமிருந்து கம்ப்யூட்டரைப் பிடுங்கிவிட்டு அட்டையைக் கொடு என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பக்கம் இல்லை.

ஆனால் அந்த அறைகள் என்ன என்று தெரிய வேண்டாமா?

டெல்டாக்காரனுக்கு இது புரியாமல் இருக்க நியாயமே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் தலைமடை வயல் முதலில் நிறையும். கடைமடைக்கு வந்துசேர நாளாகும். வடியும்போதும் தலைமடைதான் முதலில் காயும், கடைமடையில் தேங்கி நிற்கும். உடம்பில் ரத்த ஓட்டம் மிகுந்த இடங்கள் தலைமடை. அவை நைட்ரஜனைச் சீக்கிரம் வாங்கிச் சீக்கிரம் விடும். கொழுப்பும் மூட்டும் கடைமடை. பிரிட்டனின் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல் ஆடுகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து முதல் அட்டவணையைக் கொடுத்தபோது உடம்பை ஐந்து வயலாகப் பிரித்தார். பாதி நிறைய 5 நிமிடம் எடுக்கும் வயல், 10, 20, 40, கடைசியாக 75 நிமிடம். சுவிட்சர்லாந்தின் பூல்மான் அதைப் பதினாறாக்கினார், 4 நிமிடத்திலிருந்து 635 நிமிடம் வரை. இன்று கையில் கட்டுகிற கருவிகள் பலவற்றில் ஓடுவது அந்தப் பதினாறு வயல் கணக்குதான். அட்டவணையும் கருவியும் ஒரே வம்சம். ஒன்று காகிதத்தில், ஒன்று சில்லில்.

ஆக, இரண்டில் எது உண்மை என்பதல்ல இங்கே பிரச்சினை. இரண்டும் ஊகம்தான், உடம்புக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. என் கட்சி வேறு. மேட்டூரில் நீர்மட்டம் இன்று இத்தனை அடி என்று பேப்பரில் வரும். 120 அடி அணை. ஜூன் 12 நெருங்கும்போது அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் எங்கள் மாமா அதைப் படித்தால், குறுவைக்கு நாற்றங்கால் போடலாமா, சம்பாவோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று சொல்லிவிடுவார். எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே அவர் மனசில் ஒரு எண் இருக்கும். பேப்பரில் அச்சுப்பிழையாக 190 அடி என்று வந்தால் அவர் சிரிப்பார். மனசில் எண் இல்லாதவன் நம்பிவிடுவான்.

நாதஸ்வரக்காரருக்கு மனசில் எண் இல்லை. 51 என்று காட்டியது, 51 என்றார். 151 என்று காட்டியிருந்தாலும் சொல்லியிருப்பார் என்று அவரே பிற்பாடு சொன்னார். அவர் படித்த பாடத்தில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்லித்தரவில்லை. இரண்டாம் முழுக்கில் நேரம் குறையும் என்பது தெரியும். எவ்வளவு குறைந்தால் நியாயம் என்பது தெரியாது. கருவியைத் தம்முடையது என்று நினைத்துத்தான் எடுத்தார். மூன்றும் ஒரே முகம்.

எனக்கு மனசில் எண் இருந்திருக்க வேண்டும். நான் அட்டவணை பார்த்தே முழுகக் கற்றவன். கம்ப்யூட்டர் வாங்கிய சில வருஷத்தில் அதை மறந்தேன். அதைவிட மோசம், கற்றவரைக் கேலி செய்தேன்.

ஆறு நிமிடம்தான் காரணமா?

இதில் நேர்மையாக இருக்க வேண்டும். அட்டவணை வரம்பை அவர் தாண்டியது ஆறு நிமிடம். அட்டவணை வரம்புக்குள் இருந்தும் பெண்ட்ஸ் என்கிற இந்தக் குமிழி நோய் வந்தவர்கள் உண்டு, பல மடங்கு தாண்டியும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு. டாக்டர் ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுதினார். முந்தின இரவு கோயில் புறப்பாட்டில் விடிய விடிய வாசிப்பு, தூக்கம் இரண்டு மணி நேரம். காலையிலிருந்து உள்ளே போனது இரண்டு டம்ளர் டிகிரி காப்பி, தண்ணீர் இல்லை. கரைக்கு வந்ததும் நங்கூரத்தை இழுக்கக் கை கொடுத்திருக்கிறார். கடைசியாக மாலையில் முழு மூச்சாய் நாயனம். இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து இதனால்தான் என்று கை காட்ட முடியாது என்றார்.

இது எனக்குச் சமாதானமாக இல்லை. வரம்பு என்பது வரப்பு. வரப்புக்கு உள்ளே தூக்கமின்மை, தாகம், பளு எல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளப்படும். கருவி மாறியதால் வரப்பே இடம் மாறிப்போனது. அவர் விளிம்பில் நின்றுகொண்டு நடுவில் நிற்பதாக நினைத்திருந்தார். ஏழு நிமிடம் மிச்சம் என்று திரை சொன்னது, வேறொருவருடைய ஏழு நிமிடம்.

கம்ப்யூட்டர் ஒருவருடைய கணக்குப் புத்தகம். ரேஷன் கார்டு மாதிரி. பக்கத்து வீட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு போனால் கடையில் சர்க்கரை கிடைக்கலாம், ஆனால் பதிவாவது வேறு குடும்பத்துக் கணக்கில். கருவி கைமாறக் கூடாது, நடுவில் ஒருவர் முழுக்கை விட்டாலும் அதை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, இடையில் கெட்டுப்போனால் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அன்றே இறங்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. நாங்கள் யாரும் அதை மீறவேண்டும் என்று மீறவில்லை. ஒரு வாளி மீற வைத்தது.

இப்போது செய்வது

கருவிகளில் கலர் கயிறு கட்டியிருக்கிறேன். கோயில் காப்புக் கயிறு மாதிரி, சிவப்பு, மஞ்சள், பச்சை. வாளி கிடையாது. கழற்றினால் அவரவர் பையில் போய்விட வேண்டும். இது சுலபம்.

கடினமானது இன்னொன்று. புதிதாக வருபவர்களுக்கு முதல் நாள் மாலை கரையில் உட்கார்ந்து அட்டவணை சொல்லித்தருகிறேன். முழுகும்போது பயன்படுத்த அல்ல, முழுகும்போது கம்ப்யூட்டர்தான். இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் எண்ணைச் சிலேட்டில் எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் கருவித் திரையைப் பார்க்கலாம். பத்து நிமிடத்துக்குள் வித்தியாசம் இருந்தால் அது அட்டைக்கும் கருவிக்கும் உள்ள இயல்பான இடைவெளி. அதற்கு மேல் போனால், முக்கியமாகக் கருவி தாராளம் காட்டினால், காரணம் தெரிந்த பிறகே தண்ணீர். பெரும்பாலும் காரணம் நல்லதாகத்தான் இருக்கும்: முதல் முழுக்கில் பாதி நேரம் மேலே இருந்திருப்பார்கள். அந்தக் காரணத்தை வாயால் சொல்ல வைப்பேன். பத்து நிமிடம் என்பது என் சொந்த அளவு, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சிலர் முணுமுணுக்கிறார்கள். மொபைல் ஆப்பில் போட்டால் வந்துவிடுமே என்கிறார் ஒருவர். வரும். ஆனால் ஆப்பும் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு நிற்கும். அட்டையில் விரலை வைத்து 22ஆம் வரிசையில் இறங்கி, 'ஓ'வில் நின்று, குறுக்கே போய் 'ஈ'யைத் தொடும்போது, மேலே சும்மா உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் என்ன செய்கிறது என்று விரலுக்கே தெரிகிறது. இரண்டு மாலை போதும். அதற்கு மேல் யாரையும் நான் வற்புறுத்துவதில்லை.

நாதஸ்வரக்காரரை ஒரு மாதம் முழுகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதயச் சோதனையில் அந்த வழி இல்லை என்று தெரிந்தது. பங்குனி முகூர்த்தம் இரண்டு கைவிட்டுப் போனது, அதற்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு. சித்திரையில், கச்சான் காற்று பலக்குமுன், ஒரு காலை இருவரும் சேர்ந்து வந்தார்கள். டீச்சரின் காது திறந்திருந்தது. முதல் முழுக்கு முடிந்து படகில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மணி ஒன்பதாகிவிட்டது, கிளம்பலாமா என்று நான் எழுந்தேன். படகுக்கார அண்ணன் நகரவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"சிலேட்டு முடிஞ்சிட்டாம்மா?"

"தம்பி இன்னும் போட்டுக்கிட்டு இருக்காருங்க" என்றார் டீச்சர்.